இலையுதிர்கால உலாவும் ஜப்பானியப் பருவச்சொற்களும்

ஜப்பானியக் கவிதையைத் தமிழர்க்கு முதன்முதல் அறிமுகம் செய்தவர் மகாகவி பாரதியார். 1916ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் அவர் எழுதிய சிறு கட்டுரையே இத்துறையில் தமிழின் தொடக்கம். அதன் பின்னர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஹைக்கூ தமிழ் மண்ணில் வேரூன்றி, துளிப்பா என்னும் பெயரும் பெற்று, இன்று கவியரங்கந்தோறும் ஒலிக்கின்றது. எனினும் தமிழில் பெரிதும் பேசப்பட்டவை அதன் சுருக்கமும் மூன்றடி யாப்பும் இறுதியடியின் திருப்பமுமே. அந்த வடிவத்தின் உயிர்நிலை என ஜப்பானியர் கருதும் 'கிகோ' என்னும் பருவச்சொல் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

பருவச்சொல் என்பது ஏதேனும் ஒரு பருவத்தைச் சுட்டும் பெயர் மட்டுமே என எண்ணுதல் பொருந்தாது. ஒவ்வொரு பருவச்சொல்லின் பின்னும் ஒரு வழக்கம் உண்டு; மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து ஒன்றைப் பார்த்த, கேட்ட, பொறுக்கிய, பறித்த வரலாறு உண்டு. இலையுதிர்காலச் சொற்களில் இது மிகத் தெளிவாகப் புலப்படும். அரசவையில் தோன்றிய இன்பங்கள் நகர மக்களிடம் வந்து, அவர்களிடமிருந்து குழந்தைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்த கதை அச்சொற்களில் பதிந்துள்ளது. குழந்தைகள் கையில் சேர்ந்ததனாலேயே அவற்றுட் பல இன்றளவும் வாழ்கின்றன என்பதை வரலாறு காட்டுகிறது.

பருவத்தின் எல்லை

ஜப்பானியப் பருவச்சொல் தொகுதிகளுக்குச் 'சாய்ஜிகி' என்று பெயர். அவற்றின்படி இலையுதிர்காலம் ஏறத்தாழ ஆகஸ்டு 7 அல்லது 8இல் தொடங்கி, நவம்பர் 7ஐ ஒட்டி முடிகிறது. நிலவு, பால்வீதி, பனித்துளி, பூச்சிகளின் ஒலி, தும்பி, நாணற்பூ, செவ்விலை, கருவாலிக் கொட்டை ஆகியன எல்லாம் இப்பருவத்துக்கு உரியவை. 'நிலவு' என்று அடைமொழியின்றிச் சொன்னால் அது இலையுதிர்கால நிலவையே குறிக்கும். மற்றப் பருவத்து நிலவைக் குறிக்க வேண்டுமாயின் வேனில் நிலவு என்றோ பனிக்கால நிலவு என்றோ விரித்துரைக்க வேண்டும்.

தமிழின் ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். அது வாடையும் மழையும் சேர்ந்து வரும் காலம். காடெல்லாம் சிவக்கும் காலமன்று. ஆதலின் 'இலையுதிர்காலம்' என்னும் சொல்லைக் கையாளும்போது வேற்று நாட்டின் வானையும் மண்ணையும் உடன் நினைத்துக்கொள்ளல் வேண்டும். ஜப்பானில் அப்பருவம் வெம்மையும் புழுக்கமும் நீங்கி, வானம் தெளிந்து, வெளியே உலாவத் தகுந்த காலமாகும். நெல் அறுவடையும் அப்பொழுதே நிகழும். உழைப்பின் முடிவும் ஓய்வின் தொடக்கமும் ஒருங்கே வருவதால், குடும்பத்தோடு புறப்படுதல் அப்பருவத்துக்கு இயல்பாக அமைந்தது.

அரசவையின் ஆய்வு

எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற 'மன்யோஷு' ஜப்பானியரின் தொகைநூல்களுள் காலத்தால் முற்பட்டது. இருபது பகுதிகளில் நாலாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அதன் முதற்பகுதியிலேயே ஒரு வழக்காடல் இடம்பெறுகிறது. வேனில் மலைப் பூக்கள் சிறந்தனவா, இலையுதிர்கால மலையின் இலைகள் சிறந்தனவா என்பது தெஞ்சிப் பேரரசர் அவையில் எழுந்த வினா. இளவரசி நுகாதா பாட்டாலேயே தீர்ப்பளித்தார். இலையுதிர்காலமே அவரது தேர்வு. அவர் கூறிய காரணம் கருதத்தக்கது. வேனிலில் மலை அடர்ந்திருப்பதால் உள்ளே புகுந்து பூவைப் பறிக்க இயலாது. இலையுதிர்காலத்தில் இலையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கையால் தொடக்கூடிய அழகுக்கே அவர் முதன்மை தந்தார்.

அதே தொகைநூலின் புலவர் யாமனோவே நோ ஒகுரா. அவர் தென்மேற்கே சிக்குசென் நாட்டின் ஆளுநராக இருந்தவர். இலையுதிர்கால வயலில் பூக்கும் ஏழு செடிகளை விரல்விட்டு எண்ணும் இரு சிறு பாக்கள் அவர் பெயரில் உள்ளன. அவற்றுள் இரண்டாவது பெயர்களின் வரிசையே அன்றி வேறொன்றுமில்லை. ஓர் அரசு அதிகாரி விரல்மடக்கிப் பூக்களை எண்ணியது ஏன் என்னும் கேள்விக்கு, சிறுவர்க்குச் சொல்லிக் கொடுக்கும் பாங்கில் அமைந்தது அப்பாடல் என விளக்குவோர் உண்டு. பொன்னினும் வெள்ளியினும் மணியினும் குழந்தையே பெருஞ்செல்வம் என்னும் கருத்தை 728ஆம் ஆண்டுப் பாவில் பாடியவரும் இவரே என்பதை நோக்க, அவ்விளக்கம் மனத்துக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அவர் எண்ணிய ஏழு செடிகளையும் ஜப்பானியர் இன்றும் அதே ஏழாக எண்ணுகின்றனர்.

எனினும் இந்தத் தொட்டுணரும் எளிமை அரசவையில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஹெயான் காலத்தில் இலையுதிர்கால இன்பங்கள் யாவும் சடங்காக மாறின. சீனத்திலிருந்து வந்த எட்டாம் மாத முழுநிலவு விழா குளத்தில் படகு மிதக்க, இசையும் பாட்டும் கூடிய விருந்தாயிற்று. 1095ஆம் ஆண்டில் பேரரசர் ஹொரிகாவா தம் அவையினரைக் கியோத்தோவின் மேற்கேயுள்ள சாகா வெளிக்கு அனுப்பி, பாடும் பூச்சிகளைப் பிடித்து வரச் செய்தார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி சீமாட்டி இயற்றிய 'கெஞ்சி கதை'யில் செவ்விலை விழாவின் பெயரால் ஓர் இயலும், மணிப்பூச்சியின் பெயரால் ஓர் இயலும் உள. பின்னதில் கெஞ்சி தோட்டத்தில் பூச்சிகளை விட்டு அவற்றின் ஒலியைக் கேட்கிறான். வெளியே சென்று கேட்பதற்கு மாறாக, வெளியை வீட்டுக்குள் கொணர்ந்து கேட்கும் பழக்கம் இவ்வாறு வளர்ந்தது.

வேட்டை என்னும் சொல்

செவ்விலை காணப் புறப்படுதலுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'மொமிஜிகாரி'. இதில் 'காரி' என்பது வேட்டை. விலங்கையும் பறவையையும் வேட்டையாடுவதைக் குறித்த சொல் காளானுக்கும் கனிக்கும் விரிந்து, பின்னர் கண்ணால் கண்டு மகிழ்வதற்கும் ஆகி வந்தது. காளான் தேடி மலையேறுதல் காளான் வேட்டை. இக்காலக் குடும்பங்கள் திராட்சைத் தோட்டத்துக்குக் கட்டணம் செலுத்தித் தாமே பறித்து உண்பதும் திராட்சை வேட்டையே. அருகில் இருப்பதை நின்ற இடத்தில் காண்பது வேட்டையாகாது. தேடிப்போதல், நடத்தல், காத்திருத்தல், சில வேளை வெறுங்கையோடு திரும்புதல் இவை யாவும் அச்சொல்லில் அடங்கும். சிறுவர் உள்ளம் அதில் ஈடுபட்டதில் வியப்பில்லை.

பதினேழாம் நூற்றாண்டு முதல் எடோ நகரம் (இன்றைய டோக்கியோ) பெருகியபோது, அரசவையின் இவ்வின்பங்கள் வணிகர்க்கும் கைவினைஞர்க்கும் உரியவாயின. நகரின் வடபுறத்துத் தோகன் மேடு பூச்சிகளின் இசை கேட்போர் கூடும் இடமாகப் புகழ்பெற்றது. மாலையில் பாய் விரித்து, நிலவெழும்வரை அங்கே அமர்ந்திருப்பர். ஓவியர் ஹிரோஷிகே அக்காட்சியை அச்சோவியமாக்கினார். அவரே 'எடோவின் நூறு புகழிடங்கள்' என்னும் தம் இறுதித் தொகுப்பில், 1857ஆம் ஆண்டு, மாமா என்னும் ஊரின் மேப்பிள் மரங்களை வரைந்தார். மரம் முன்னே பெரிதாக நிற்க, அதன் கிளையினூடே கோயிலும் பாலமும் தொலைவில் தெரியும்.

நகர மக்கள் எல்லோரும் மேட்டுக்குச் செல்ல இயலாது. அவர்களுக்காகப் பூச்சி விற்போர் தெருவில் வந்தனர். லஃப்காடியோ ஹெர்ன் 1898இல் வெளியிட்ட நூலில் இத்தொழிலின் தோற்றத்தை விரிவாக எழுதியுள்ளார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எச்சிகோ நாட்டிலிருந்து வந்த சூசோ என்னும் உணவு வணிகர் சில மணிப்பூச்சிகளைப் பிடித்து வளர்க்க, அவை அயலார் விரும்பி வாங்கும் பொருளாயின என்பது அவர் தரும் செய்தி. மூங்கிற் கூண்டிலிட்ட பூச்சி எளிய வீட்டுக் குழந்தைக்கும் எட்டும் பொருளாயிற்று. பேரரசர் ஆளனுப்பிப் பிடித்ததைத் தெருவில் சில காசுக்கு வாங்கலாம் என்னும் நிலை எழுநூறு ஆண்டுகளில் வந்தது.

நிலவு விழாவும் அவ்வாறே இல்லங்களுக்கு வந்தது. திண்ணையில் நாணற்பூங்கதிர்களை நிறுத்தி, அரிசிமாவு உருண்டைகளை அடுக்கிப் படைப்பர். பல ஊர்களில் அன்றிரவு மட்டும் அயல்வீட்டுப் படையலைக் குழந்தைகள் திருடிச் செல்லலாம் என்னும் வழக்கம் உண்டு. உருண்டை களவு போயிற்றேல் நிலவு அதனை ஏற்றுக்கொண்டது என்று பெரியோர் மகிழ்வர். குழந்தைகள் இருளில் வெளியே ஓடித் திரிவதற்கு இதனினும் நல்ல காரணம் வேண்டியதில்லை.

இந்நிலையில் 1803இல் கியோகுதெய் பாகின் பருவச்சொற்களை மாதவாரியாகத் தொகுத்துச் 'சாய்ஜிகி' ஒன்றை வெளியிட்டார். 1851இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. கவிஞர்க்கு உதவும் கையேடாகவே அது எழுந்ததாயினும், விழாக்கள், உணவுகள், ஆட்டங்கள், உலாக்கள் அனைத்தும் அதில் இடம்பெற்றன. ஒரு சமுதாயத்தின் வெளிப்புற வாழ்க்கைக்கு அது பதிவேடாயிற்று.

குழந்தை வாழ்ந்திருத்தல்

இவ்விளையாட்டுகளின் பின்னே ஓர் அச்சமும் இருந்தது. அம்மையும் பிற நோய்களும் குழந்தைகளை வாரிச் சென்ற காலம் அது. ஏழு வயது வரை குழந்தை தெய்வங்களுக்கு உரியது என்பது ஜப்பானியப் பழமொழி. அது புகழ்ச்சியுரை போலத் தோன்றினும், எப்பொழுதும் திரும்பப் பெறப்படலாம் என்னும் பொருளையும் தருவது.

நவம்பர் 15இல் மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளைப் புத்தாடை உடுத்திக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் 'ஷிச்சி-கோ-சான்' இவ்வச்சத்தின் மறுபுறம். அந்நாள் நிலைபெற்றமைக்கு, ஷோகன் ட்சுனயோஷி தம் மைந்தன் தொகுமட்சுவுக்கு 1681இல் நடத்திய விழாவே காரணம் என ஒரு மரபு கூறும். அச்சிறுவன் 1683இல் இறந்தான். நாடாள்வோன் மகனுக்கும் நாள் எண்ணப்பட்டிருந்தது. குழந்தைகளுக்கு அன்று தரப்படும் நீண்ட குச்சி மிட்டாய்க்கு 'ஆயிரம் ஆண்டு மிட்டாய்' என்று பெயர்.

கவிஞர் இஸ்ஸாவின் வாழ்வு இதற்குச் சான்று. 1763இல் பிறந்து 1828இல் மறைந்த அவர், ஐம்பது வயதுக்குப் பின் மணந்து, பெற்ற குழந்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழந்தார். மகள் சாதோ 1819இல் அம்மை நோயால் மாண்டாள். அவ்வாண்டின் நிகழ்வுகளைக் கூறும் 'என் வேனில்' என்னும் நூலில் அக்குழந்தையின் விளையாட்டும் இறப்பும் அடுத்தடுத்து வருகின்றன. நிலவு பார்த்தல் என்னும் அரசவை மரபில், நிலவுக்கு ஆசைப்பட்டு அழும் குழந்தையைக் கொண்டுவந்து வைத்தவர் இஸ்ஸாவே. அதன் பின் முழுநிலவு புலவரின் தனிச்சொத்தாக இருக்க இயலவில்லை.

தும்பி பிடித்தலும் அத்தகையது. காகா நாட்டுச் சியோ என்னும் பெண்பாற் கவிஞர் (1703–1775) பெயரால், தும்பி பிடிக்கச் சென்ற இறந்த மகனை எண்ணும் ஒரு துளிப்பா வழங்குகிறது. அது அவருடையது அன்று எனக் கருதும் ஆய்வாளர் பலர். யாருடையதாயினும், மக்கள் அதனை விடாது போற்றி வந்ததற்குக் காரணம் தெளிவு. தும்பி என்னும் பருவச்சொல்லைக் கேட்டவுடன் ஒரு குழந்தையின் ஓட்டம் நினைவுக்கு வருமளவுக்கு அவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன.

பள்ளியும் பாட்டும்

1873 சனவரி முதல் நாளில் ஜப்பான் ஐரோப்பிய நாட்காட்டியை ஏற்றது. நிலவை ஒட்டி நடந்த மாதக் கணக்கு அன்றோடு அரசு வழக்கிலிருந்து நீங்கியது. பருவச்சொற்களின் அடித்தளமே ஆட்டம் கண்டது எனலாம். ஆயினும் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இலையுதிர்காலத்துக்குப் புதிய காவலர் இருவர் கிடைத்தனர். ஒன்று பள்ளிக்கூடம், மற்றொன்று சிறுவர் பாட்டு.

1874இல் டோக்கியோவின் ட்சுகிஜியிலிருந்த கடற்படைப் பள்ளியில் பிரிட்டிஷ் பயிற்றுநர்கள் மாணவர்க்கு ஓட்டமும் தாண்டுதலும் நடத்தினர். 'உண்டோகாய்' எனப்படும் விளையாட்டு விழாவின் தொடக்கம் இதுவே என்பர். 1885இல் முதற் கல்வியமைச்சரான மொரி அரினோரி உடற்பயிற்சியைப் பள்ளிகளில் வலியுறுத்தினார். அக்காலத் தொடக்கப்பள்ளிகளுக்கு விளையாட்டுத் திடல் இல்லை. ஆகவே பல பள்ளிகள் ஒன்றுசேர்ந்து ஆற்றங்கரையிலோ கோயில் வெளியிலோ கூடின. அங்கே செல்லும் நெடுநடையே குழந்தைகளுக்கு ஓர் உலாவாயிற்று. அரசு எண்ணியது ஒழுங்கும் படைப்பயிற்சியும். ஊரார் ஆக்கிக்கொண்டது அறுவடைத் திருவிழா. தாயும் தந்தையும் பாட்டியும் உணவுப் பெட்டியோடு வந்து பாய் விரித்தனர். கயிறிழுத்தலும், கூடைக்குள் பந்தெறிதலும், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தோடும் ஓட்டமும் சேர்ந்தன. 'உண்டோகாய்' என்னும் அந்த அரசாணைச் சொல் பின்னாளில் சாய்ஜிகியில் இலையுதிர்காலப் பருவச்சொல்லாக ஏறியது. மக்கள் ஏற்றுக்கொண்டதைக் கவிதை ஏற்றுக்கொண்டது. டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய 1964 அக்டோபர் 10ஐ நினைந்து, 1966 முதல் அந்நாள் தேசிய விடுமுறையாயிற்று. 2000ஆம் ஆண்டு முதல் அது அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமைக்கு மாறியது.

பாட்டின் வரலாறு இதனினும் சுவையுடையது. 1910இல் கல்வியமைச்சின் பாடநூலில் பூச்சிகளின் ஒலியைப் பற்றிய சிறுவர் பாட்டு வெளிவந்தது. ஒவ்வொரு பூச்சிக்கும் உரிய ஒலிக்குறிப்பு அதில் உண்டு. 1911இல் தகானோ தட்சுயுகி இயற்றிய செவ்விலைப் பாட்டு தோன்றியது. 1918இல் சுசுகி மியெகிச்சி 'செம்பறவை' என்னும் சிறுவர் இதழைத் தொடங்க, கிதஹாரா ஹகுஷு முதலிய பெருங்கவிஞர்கள் சிறுவர்க்கென எழுத முன்வந்தனர். 1921இல் அவோகி நகயோஷியின் கருவாலிக் கொட்டைப் பாட்டு வந்தது. உருண்டு குளத்தில் விழுந்த கொட்டையோடு அயிரை மீன் விளையாட வருவதே அதன் பொருள். அதே ஆண்டில் மிகி ரொஃபு எழுதிய செந்தும்பிப் பாட்டுக்கு 1927இல் யாமதா கோசாக்கு இசையமைத்தார்.

பூச்சியொலி, செவ்விலை, கொட்டை, தும்பி என்னும் இந்நான்கும் ஆயிரம் ஆண்டுகளாகப் புலவர் கையாண்ட பொருள்கள் அல்லது அவற்றின் உடன்பிறப்புகள். பதினேழே ஆண்டுகளில் அவை ஆறு வயதுச் சிறுவரின் வாய்ப்பாட்டாயின. அரசவையில் அவற்றை அறிந்தோர் சில நூற்றுவர்; பள்ளிக்கூடம் வழியே அறிந்தோர் நாடு முழுவதும்.

இவ்வழியிலும் தடை வந்தது. சருகு கூட்டித் தீமூட்டிக் குளிர்காயும் சிறுவரைப் பாடும் 'தகிபி' என்னும் பாட்டு 1941 டிசம்பர் 9இலும் 10இலும் வானொலியில் ஒலித்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு அடுத்த நாட்கள் அவை. வெட்டவெளித் தீ பகை விமானத்துக்கு அடையாளமாகும் எனப் படைத்துறை தடுக்க, ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. போர் முடிந்த பின்னரே அப்பாட்டு குழந்தைகளிடம் திரும்பியது.

மாறும் பருவம்

இந்நாளில் ஜப்பானியக் குடும்பங்களின் இலையுதிர்கால உலா குறைந்துவிடவில்லை. மழலையர் பள்ளிக் குழந்தைகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டச் செல்கின்றனர். 1735இல் அவோகி கொன்யோ பஞ்சகாலத்துக்கு உதவுமென எடோவில் பயிரிட்டுக் காட்டிய அக்கிழங்கு, இன்று சிறு கைகள் மண்ணை அறிவதற்குப் பயன்படுகிறது. கருவாலிக் கொட்டை பொறுக்காத குழந்தை அங்கே அரிது.

பருவமே இடம்பெயர்கின்றது. மேப்பிள் இலை சிவக்கும் நாள் 1950களோடு ஒப்பிட இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பின்தள்ளிப் போயுள்ளது. வெம்மை செப்டம்பரிலும் நீடிப்பதால் பல பள்ளிகள் விளையாட்டு விழாவை மே மாதத்துக்கு மாற்றிவிட்டன. சாய்ஜிகியில் இலையுதிர்காலத்துக்கு உரியதாக நிற்கும் சொல்லை வேனிலில் ஓடும் குழந்தை அறிவதெப்படி என்னும் வினா அந்நாட்டுக் கவிஞர் முன் நிற்கிறது.

இன்னொரு நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1953 முதல் ஜப்பான் வானிலை ஆய்வகம் நாடெங்கும் முதற்பூ, முதல் இலைச்சிவப்பு, பறவையின் முதற்குரல், பூச்சியின் முதலொலி ஆகியவற்றை ஒரே முறையில் பதிந்து வந்தது. அது நோக்கியவை 34 வகைச் செடிகொடிகளும் 23 வகை உயிரினங்களும். நகரங்கள் விரிந்து அவை காணக் கிடைக்காமையால், 2021 தொடக்கத்தோடு உயிரினப் பதிவு முற்றிலும் கைவிடப்பட்டது. எஞ்சியவை ஆறு செடி மரங்கள். அவற்றுள் நாணற்பூ, கிங்கோ, மேப்பிள் என்னும் மூன்றும் இலையுதிர்காலத்தவை. ஹொரிகாவா ஆளனுப்பித் தேடிய பூச்சிகளின் ஒலியை அரசு இனிக் கேளாது என்பது அதன் பொருள்.

அவ்வாண்டே தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் பொதுமக்களைக் கொண்டு அப்பணியைத் தொடர முன்வந்தது. விரும்பியவர் தம் ஊரில் தாம் கண்டதையும் கேட்டதையும் பதிந்து அனுப்பலாம். அரசவையிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து பள்ளிக்கும் வந்த இவ்வழக்கம், இப்பொழுது தந்தையும் மகளும் மாலையில் புல்வெளியோரம் நின்று செவி கொடுக்கும் செயலை நம்பியிருக்கிறது.

கவிஞர்க்கு ஒரு குறிப்பு

பருவச்சொல்லை அகராதி காக்கும் என எண்ணுவது எளிது. பாகினின் நூல் காத்த சொற்களுள் பல இன்று உரையின்றி விளங்காதவை. உயிரோடிருப்பவை, யாரோ ஒருவர் ஒரு குழந்தையைக் கைப்பிடித்து வெளியே அழைத்துச் சென்று, 'அதோ கேள்', 'இதை எடு' என்று சொன்னவை. நுகாதா தீர்ப்பளித்த காலந்தொட்டு இது மாறவில்லை.

தமிழில் துளிப்பா எழுதுவோர் ஜப்பானின் செவ்விலையைக் கடன் வாங்க வேண்டியதில்லை. கூதிர்காலத்துக்கு நம்மிடமும் சொற்கள் உண்டு. முதல் மழைக்குப்பின் விளக்கைச் சூழும் ஈசல், வரப்பில் பறக்கும் தட்டான், கார்த்திகை விளக்கீட்டன்று தெருவில் சிறுவர் சுற்றும் மாவலி ஆகியவை தமிழ்க் குழந்தைகளின் கையால் வளர்ந்த சொற்கள். பனம்பூக் கரியை அரைத்துத் துணியில் பொதிந்து, பனைமட்டைப் பிளவில் இறுக்கித் தீயிட்டுச் சுழற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும் என்பதை அறிந்த சிறுவர் ஊரில் இருக்கும்வரை, மாவலி என்னும் சொல்லுக்கு உரை வேண்டியதில்லை. அதனைச் சுற்றக் கற்றுக்கொடுக்கும் தந்தை, கவிஞன் செய்யும் பணியின் பாதியை முன்னதாகவே செய்து முடித்துவிடுகிறான்.